மல்லிக்கு ஒரு கூண்டு

எங்கள் முயல் மல்லிக்கு நிரந்தரமாக ஒரு வீடு வேண்டும். கடையில் வாங்கிய கூண்டில் நிமிர்ந்து உட்கார்ந்தாலே காது இடிக்கிறது. இன்று தட்டாஞ்சாவடியில் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனேன். அளவு காட்ட மல்லியையும் கூடையில் வைத்துக் கொண்டுபோனேன்.

"எட்டடி நீளம், நாலடி அகலம். கீழ பலகை போட்டுடுங்கண்ணா, கம்பியில நின்னா கால் புண்ணாயிடும்" என்றேன்.

பட்டறை அண்ணன் கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணுக்கா? இவ்ளோ பெருசுல ஓட வுட்டா சதையே புடிக்காது மேடம். கிறிஸ்மஸ் வரைக்கும்தான, சின்னதே போதும்."

"கறிக்கு இல்லண்ணா, ஆசைக்கு வளக்குறோம். பத்து வருஷம்கூட இருக்கும்."

"பத்து வருஷமா!" அண்ணன் நிஜமாகவே பதறினார். "கறி முத்திப் பூடுமே மேடம்!"

ஒருவழியாக விஷயம் புரிந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு, நான் சொன்ன அளவுக்கே ஒப்புக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து மல்லி கீரையைத் தொடவில்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவு நீளக் காதை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்காமலா இருந்திருக்கும்?

முயலைச் சமாதானம் செய்யத் தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள். அடுப்பில் கோழிக் குழம்பு வேறு கொதிக்கிறது.