மூக்குக்காரரின் கைக்குட்டை

வீட்டுக்கு வரும் கணவனின் முகத்தைப் பார்க்கும் மனைவியர் உண்டு. கையிலிருக்கும் பையைப் பார்ப்பவர்களும் உண்டு. நம் தையற்காரி மோந்து பார்ப்பாள்.

காரணம் இருந்தது. அவள் கணவர் ஒரு பாரில் மது கலக்குபவர். மூங்கில் தட்டி அடித்து, சுவரெங்கும் மர முகமூடிகள் மாட்டிய பார் அது. தீவுப் பாணியிலான பழைய மதுக் கலவைகளை, உறுமும் முகம் வைத்த மண் குவளைகளில் அங்கே கொடுப்பார்கள். மூடியைத் திறந்த மாத்திரத்தில் எந்த ரம் என்று சொல்லிவிடுவார் என்பதால் முதலாளி அவரை ‘மூக்கு’ என்றே கூப்பிடுவார். நாக்கில் தொட்டுத் துப்புவதோடு சரி. மகள் பிறந்த அன்று அந்தப் பிஞ்சுத் தலையில் கை வைத்து, ஒரு சொட்டுகூட விழுங்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தார்.

அந்தச் சத்தியம்தான் இப்போது ஆட்டம் கண்டிருந்தது.

மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு, படுத்த படுக்கையாகக் கிடந்து எழுந்தார். அதற்குப் பிறகு, மாலையில் அவர் சாப்பிட வரும்போதெல்லாம் சட்டையிலிருந்து ரம் வாடை வீசியது.

“என்னங்க இது? அழுகின வாழைப்பழத்தை அன்னாசித் தோலோட மூட்டை கட்டி வெயில்ல வச்ச மாதிரி!”

வேறொருவராக இருந்தால் சண்டைக்கு வந்திருப்பார். இவரோ கண்கள் மின்ன, “அன்னாசியா? நல்லாப் பாத்துச் சொல்லும்மா. வாழைப்பழம் முன்னாடி வருதா, அன்னாசி முன்னாடி வருதா?” என்றார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்வதையும் செய்துவிட்டுக் கேலி வேறா?

மறுநாள் வேறு நாற்றம். “இன்னிக்குச் சர்க்கரையைக் கருக விட்ட மாதிரி! தீஞ்ச சட்டிக்குள்ள பழைய செருப்பைப் போட்ட மாதிரி!”

“புகை இருக்கா?”

“என் வயிறுதான் புகையுது!”

அவர் தலையைக் குனிந்துகொண்டு கை கழுவப் போய்விட்டார். குற்றமுள்ள நெஞ்சு, வேறென்ன?

ஞாயிற்றுக்கிழமை பால் பொங்கி, வற்றி, பாத்திரமே கருகியது. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவள் நாற்றம் தாங்காமல் ஓடிவந்தாள். அடுப்புக்கு எட்டு அடி தள்ளி உட்கார்ந்து அவர் நிதானமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்! தெளிந்த மனுஷன் செய்கிற காரியமா இது? முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பார்? கையும் களவுமாகப் பிடித்துவிட்டால், மகளை அழைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவது என்று தீர்மானித்தாள். அன்றிரவு தலையணை நனைந்தது அவளுக்கு மட்டுமே தெரியும்.

மறுநாள் மதியம் தைத்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே மெஷினில் விட்டுவிட்டுக் கிளம்பினாள்.

பார் இன்னும் திறக்கவில்லை. பின்கதவு இடுக்கு வழியாகப் பார்த்தாள். கணவர் தனியாக நின்றிருந்தார். ஒரு புட்டியைத் திறந்தார். அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். புட்டி வாய்ப்பக்கமே போகவில்லை. ரம்மைக் கைக்குட்டையில் ஊற்றி நனைத்து, பிழிந்து, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இது என்ன கூத்து? எவளுக்காவது அடையாளமா?

“யாரு அங்க? அட, தங்கச்சியா! உள்ள வாம்மா,” என்று பின்னாலிருந்து வந்தது முதலாளியின் குரல்.

கணவரின் முகத்தில் ஈயாடவில்லை.

முதலாளிக்கோ வாய் கொள்ளாத பெருமை. “புதுசா ரெண்டு ரம் எறக்கியிருக்கேம்மா. ஓவர்புரூஃப். சாதா ரம்மைவிட ஒண்ணரை, ரெண்டு மடங்கு காட்டம். தீக்குச்சி காட்டினா பத்திக்கும். எதை எதுல ஊத்தறதுன்னு முழிச்சிட்டிருந்தேன். உன் வீட்டுக்காரர் ஒப்பிட்டுச் சொன்னார் பாரு! ஒண்ணு, அழுகின வாழைப்பழத்தை அன்னாசித் தோலோட மூட்டை கட்டி வெயில்ல வச்ச மாதிரியாம். எலுமிச்சையும் பாதாம் பாகும் சேர்ற மை-டைங்கற கலவையில, மேலாப்ல மிதக்க விடணுமாம். இன்னொண்ணு தீஞ்ச சட்டிக்குள்ள போட்ட பழைய செருப்பாம்! அது ஸாம்பிங்கற கலவைக்கு. கூட ரெண்டு ரம், பழச்சாறுன்னு எதைச் சேர்த்தாலும் அமுங்காம அடியில நிக்குமாம். இப்படி யாரும்மா சொல்லுவாங்க?”

யார் சொல்வார்கள்? அவள்தான் சொன்னாள். வாசற்படியில் நின்று, தொண்டை கிழிய.

கருகிய பாலும் பேப்பரும் கண்முன் வந்து நின்றன. காய்ச்சல் போகும்போது எதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

“தங்கச்சி கண்ணால பாக்கட்டும் மூக்கு!” என்று முதலாளி முதுகைத் திருப்பி, இரண்டு முகமூடிக் குவளைகளில் ரம் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். மண் குவளையின் ஆழத்தில் நிறமா தெரியும்? “எது எதுன்னு சொல்லு.”

கணவர் ஒரு குவளையை எடுத்தார். குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். மூக்கே பிழைப்பாக இருந்த மனிதர், வெறும் காற்றை மோந்துகொண்டு நின்றார்.

அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்; இருபது வருஷமாக அவள் வெறுத்த இந்த வேலை அந்த நிமிடமே முடிந்துவிடும். வாயைக்கூடத் திறக்க வேண்டாம், சும்மா நின்றாலே போதும். அவள் அவர் கண்களைப் பார்த்தாள். சத்தியம் செய்த அன்று இருந்த அதே கண்கள்.

வெடுக்கென்று குவளையைப் பிடுங்கினாள்.

“சீ! இந்த வாழைப்பழ நாத்தத்தைத்தானே நீங்க வீட்டுக்குக் கொண்டு வர்றீங்க?” அடுத்ததையும் மோந்தாள். “இந்தச் செருப்பு நாத்தம் வேற! என் வீடு என்ன குப்பைத்தொட்டியா?”

“அம்மாடி! புருஷனுக்கு ஏத்த மூக்கு!” முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“சரியாத்தான் சொல்றா முதலாளி,” என்றார் கணவர். “அது மை-டைக்கு. இது ஸாம்பிக்கு.”

பின்வாசலில், காலிப் பெட்டிகளுக்கு நடுவே, அவர் பொலபொலவென்று அழுதுவிட்டார். போன மோப்பம் திரும்ப வந்தாலும் வரும், ஆனால் நாளாகும் என்று டாக்டர் சொன்னாராம்.

“என்கிட்டகூட ஏன் மறைச்சீங்க?”

“சொன்னா நீ பரிதாபப்பட்டுப் பூசி மெழுகிச் சொல்லுவ. திட்டறப்பதான் உன் வாயில உள்ளது உள்ளபடி வருது.”

அழுவதா, அடிப்பதா என்று தெரியாமல் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

அன்று மாலை கதவு தட்டப்பட்டது. அவள் கைக்குட்டையை வாங்கி நிதானமாக மோந்தாள். “இன்னிக்குச் செருப்பு குறைச்சல். கருகின சர்க்கரை தூக்கலா இருக்கு.”

அவர் நிம்மதியோடு உள்ளே காலெடுத்து வைத்தார். அவள் குறுக்கே கையை நீட்டினாள்.

“கைக்குட்டை சரி. இப்ப வாயைத் திறங்க, பாக்கலாம்.”