பன்னிரண்டாவது கை

யுத்த காலத்தில் கொரட்டூர் ஏரிக்கரையில் நாங்கள் ஆறு ஜோடிகள் சேர்ந்து ஒரு செங்கல் சூளை வைத்திருந்தோம். மேஸ்திரியிடம் கூலிக்குக் கல் அறுத்தவர்கள்தான் எல்லோரும். சங்கமாகச் சேர்ந்த பிறகு சூளை எங்களுடையது. முதலாளி என்று யாரும் இல்லை. புருஷன் அச்சில் மண்ணைப் போட்டுக் கல் அறுப்பான், பெண்சாதி பச்சைக் கல்லைத் தூக்கிப்போய்க் காயவைப்பாள். இந்த வேலை ஒற்றை ஆளால் ஆகாது. அதனால் ஜோடியில் ஒருவர் போனால் மற்றவருக்கும் இடமில்லை. ஆனால் கை தூக்குவதில் ஆளுக்கு ஒரு கை, பெண்களுக்கும்.

முதல் வருஷம் எங்களோடு இருந்த ஏழாவது ஜோடியை மேஸ்திரி ஆசை காட்டி இழுத்துக்கொண்டான். அடுக்க ஆளில்லாமல் பச்சைக் கல் மழையில் கரைந்து மறுபடி சேறானது. அந்தக் கோபத்தில் ஒரு விதி போட்டோம்: சங்கத்தை விட்டுப் போக வேண்டுமானால் மீதிப் பேர் அத்தனை கையும் உயர வேண்டும். எல்லோரும் சேர்ந்து சந்தோஷமாகப் போட்ட விதி.

பட்டணத்தில் ஒரு பத்திரிகை அச்சகத்தில் எனக்கு எழுத்துக் கோக்கும் வேலை கிடைப்பதாக இருந்தது. திங்கட்கிழமை காலை ரயிலில் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் வேறு ஆள். அச்சகத்துக்குப் பக்கத்தில் அறை பார்த்து என் பெண்சாதியையும் அழைத்துக்கொள்வது என் யோசனை. அவளிடம் சொன்னேன். "உம்" என்றாள். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறு மாலை சூளை ஓரம் கூடினோம். விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னா மாமே, நாளைக்கு எங்களப் பத்தி பேப்பர்ல போடுவியா?" என்றான் பக்கத்து அச்சுக்காரன்.

"உன் மூஞ்சியப் போட்டா எவன் வாங்குவான்?" என்றாள் அவன் பெண்சாதி.

சிரித்துக்கொண்டே கை தூக்கினார்கள். பத்துக் கைகள், என்னுடையதோடு பதினொன்று. என் பெண்சாதியின் கை மடியிலேயே இருந்தது.

"தூக்கு தாயீ, பட்டணத்துக்காரி ஆவப்போற" என்றார் எங்களில் மூத்தவர்.

அவள் அவரைப் பார்த்துத்தான் பேசினாள். "மேஸ்திரி கிட்ட இருந்தப்போ எனுக்குப் பேரே கெடையாது, அண்ணாத்தே. இந்தாளு ஜோடின்னுதான் கூப்புடுவான். இங்க எனுக்குன்னு ஒரு கை கீது. அதத் தூக்கி அதையே தொலைச்சிக்கவா?"

உயர்ந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

மேஸ்திரியாக இருந்தால் அடியாள் வைத்திருப்பான். அவனிடமிருந்து நான் இரண்டு முறை ஓடியிருக்கிறேன். பிடித்து வந்தபோதும் மறுபடி ஓடலாம் என்ற நினைப்பு இருந்தது. இங்கே என்னைத் தடுக்க ஆள் இல்லை. ஸ்டேஷன் நடக்கும் தூரம். ஆனால் நான் ரயில் ஏறினால் அவள் மேஸ்திரியின் களத்துக்குத்தான் திரும்ப வேண்டும், அல்லது எனக்குச் சோறாக்க என் பின்னால் வர வேண்டும்.

திங்கட்கிழமை காலை ரயில் ஊதியபோது என் இரண்டு கையும் சேற்றில் இருந்தன. அச்சைக் கவிழ்த்தேன். அவள் குனிந்து கல்லின் ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"மண்ணு எளகிகினு கீது. நல்லா மிதிச்சிப் போடு" என்றாள்.

நான் மண் குழிக்குள் இறங்கினேன்.