தாழ்ஒளியில் தடுக்கி விழுந்த ஷவர் அக்கா

எங்கள் பேருந்துப் பணிமனையில் பதினோரு வருஷமாக பஸ் கழுவுகிறவரை எல்லோரும் ஷவர் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். சாக்ஸ் போட்டால் நனைந்துவிடும் என்று வெறுங்காலில் மாட்டும் ரப்பர் பூட்ஸுக்குள்ளும் தண்ணீர் புகுந்து, விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து, இனிமேல் ஈரத்தில் நிற்கவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து, பணிமனைக்குள் பஸ்களை நகர்த்தி நிறுத்தும் டிரைவர் ஓய்வு பெறுவதாகத் தெரிந்தது.

"லைசென்ஸுக்கான எழுத்துத் தேர்வ மட்டும் பாஸ் பண்ணிட்டு வாங்க, ஓட்டறதுக்கு நாங்களே பழக்கிடறோம்" என்றார் சூப்பர்வைசர். "முப்பதாம் தேதி சாயங்காலம் வரைக்கும் பொறுப்பேன். அப்புறம் வெளியாள்தான்."

அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவள் என்பதால், பதிவு செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. தேர்வை எந்த மொழியில் எழுதுவது என்று கேட்டது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தமிழைத் தட்டினேன். கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

இருபது கேள்விக்குப் பதினாறு சரியாக இருக்க வேண்டும். அக்காவுக்குப் பதிமூன்று.

"கிளட்ச்னு போட்டா கொறஞ்சா போயிடுவாங்க? விடுபற்றியாம்! எதை விடறது, எதைப் பத்தறது?" என்று பொரிந்து தள்ளினார். எதிரே வண்டி வந்தால் தாழ்ஒளியில் போவது சரியா என்ற கேள்விதான் உச்சம். பேட்டரி இறங்கி விளக்கு மங்கிவிட்டதாக்கும் என்று நினைத்து, 'தவறு, பழுது பார்க்க வேண்டும்' என்று போட்டுவிட்டு வந்திருக்கிறார். டிம் லைட்டாம் அது! வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு அவர் கால் கண்ணில் பட்டது, என் மேலேயே எரிச்சல் வந்தது.

ஆங்கிலத்துக்கு மாற்றலாமென்றால், அது அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். மறுதேர்வுக்கோ அடுத்த மாதம்தான் இடம் காட்டியது. நானும் விடவில்லை. வேலைக்கு நடுவே அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். நான்காம் நாள், யாரோ புண்ணியவான் ரத்து செய்த இடம் கிடைத்தது. முப்பதாம் தேதி, காலை பத்தரை.

அக்காவின் வீட்டுக்காரர் தையல்காரர். துணி வெட்டும் மேஜையில் சாக்பீஸால் ரோடும் ரவுண்டானாவும் போட்டு, பட்டன்களை வண்டிகளாக ஓட்டிப் பாடம் நடத்தினார். நானும் வேலை முடிந்து போய் உட்கார்ந்துகொள்வேன். அக்கா எப்போதும் பெரிய கோட்டுப் பட்டனைத்தான் எடுப்பார்.

"சுற்றுவட்டத்துல வழியுரிமை யாருக்கு?"

"எனக்குத்தான். என்னோடது பஸ்ஸு."

"அது நம்ம வீட்டுச் சட்டம். புத்தகத்துல, முன்னாடியே உள்ள சுத்திக்கிட்டிருக்கிறவனுக்கு."

பணிமனையிலும் பேச்சு மாறியது. "தம்பி, விடுபற்றிய மிதிங்க" என்று மெக்கானிக்குகளை அக்கா விரட்ட, அவர்களும் பதிலுக்கு ஒவ்வொரு உதிரிபாகத்துக்கும் தமிழில் பெயர் கேட்டு வம்பிழுத்தார்கள்.

முப்பதாம் தேதி அரை நாள் லீவு போட்டேன். தேர்வு அறைக்கு வெளியே நானும் அவர் வீட்டுக்காரரும் நின்றோம். அக்கா வெளியே வந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"போனா போகுது, விடு" என்று வீட்டுக்காரர் ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "இதுக்குப் போயி அழுவாங்களா? வேற வேலையா கெடைக்காது?"

அக்கா காகிதத்தை நீட்டினார். பதினெட்டு என்று இருந்தது. வீட்டுக்காரர் அதை இரண்டு தடவை படித்தார். அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழ ஆரம்பித்துவிட்டார்.

"எல்லாரும் பாக்கறாங்க, எழுந்திரிங்க" என்றார் அக்கா, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "இத சூப்பர்வைசர்கிட்ட காட்டிட்டு கடைக்குப் போகணும். எனக்கு சாக்ஸ் வாங்கணும்."