கண்ணாடிச் சுவரும் மேற்கு வெயிலும்

தஞ்சாவூரில் கட்டவிருந்த கல்யாண மண்டபத்துக்கு எவ்வளவு ஏசி தேவைப்படும் என்று நானும் என் சீனியரும் தனித்தனியாகக் கம்ப்யூட்டரில் சிமுலேஷன் ஓட்டினோம். எனக்கு அதிகமாக வந்தது, அவருக்குக் குறைவாக. "இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றார், மண்டப ஓனர் முன்னாலேயே.

மூன்று நாள் இரண்டு ஃபைலையும் வரிவரியாக ஒப்பிட்டேன். வாஸ்துவுக்காகத் தெற்கு வாசலைக் கிழக்கே திருப்பச் சொல்லியிருந்தார் ஓனர். வரைபடத்தைத் திருப்பிய சீனியர், சிமுலேஷனைத் திருப்பவில்லை. மேற்கே போய்விட்ட பின்பக்கக் கண்ணாடிச் சுவர், அதில் இன்னும் வெயில் படாத வடக்கைப் பார்த்தே நின்றது.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஓனர் சைட்டுக்கு வரும் நாளுக்காகக் காத்திருந்தேன். சாயங்காலம் நாலு மணிக்கு, கண்ணாடி வரப்போகும் இடத்தில் சீனியரை நிறுத்தினேன். பக்கத்து வாய்க்காலுக்கு அப்பாலிருந்து வெயில் நேராக அவர் முகத்தில் அடித்தது.

ஓனர் காதுபடக் கேட்டேன்: "சார், உங்க சிமுலேஷன்ல இதுதானே வடக்கு?"