சனிக்கிழமைக் கப்பல்

எங்கள் குடும்பத்தில் யாரும் யாரிடமும் கைநீட்டி நின்றதில்லை என்று நான் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். முப்பது ஆண்டுகள் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் சொன்னால் சபை நம்பும். பெரும்பாலும் அது உண்மையும்கூட. உண்மை அல்லாத பகுதி ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடுவது. அதை இதுவரை நான் எழுதியதில்லை.

சென்ற மாதம் சத்துவாச்சாரியில் உள்ள என் வீட்டுக்கு இளைஞர்கள் மூவர் வந்திருந்தார்கள். கடும் நோயில் கிடக்கும் குழந்தைகளிடம் ஆசையைக் கேட்டு, அதை நிறைவேற்றி வைக்கும் தொண்டு அமைப்பைச் சேர்ந்தவர்கள். விமானத்தின் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுவனின் படத்தைக் கைபேசியில் காட்டினார்கள். அவன் தலையில் முடி இல்லை. பின்னிருக்கையில் அவன் தகப்பனார் காமிராவைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களுடைய ஆண்டு விழாவுக்கு நான் தலைமை தாங்க வேண்டுமாம். தொண்டை சரியில்லை என்று சொல்லி அனுப்பிவைத்தேன். என் தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை.

அந்த வாரம் நடந்தபோது எனக்கு ஒன்பது வயது, தங்கைக்கு ஆறு. குடியாத்தத்தில் எங்கள் தெருவில் நாற்பது தறிகள் என் தகப்பனார் கொடுக்கும் நூலில் ஓடின. நெய்த லுங்கிகள் சென்னைக்குப் போய் அங்கிருந்து கப்பல் ஏறின. கோயில் திருப்பணிக் கல்வெட்டில் மூன்றாவது வரியில் அவர் பெயர் இருக்கிறது. இப்போது போனாலும் அதைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன். கொடுக்கிற கையாகவே வாழ்ந்தவர். வாங்குவது எப்படி என்று அவருக்குத் தெரியாது. அது அவர் குற்றம் அன்று.

தங்கையின் இரத்தத்தில் நோய் வந்தது. அந்த நோயின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் உச்சரித்ததில்லை. தெருவுக்குச் சோகை என்று சொல்லி வைத்திருந்தோம். இரத்தம் கெட்ட குடும்பம் என்ற பேச்சு ஒருமுறை கிளம்பிவிட்டால் மூன்று தலைமுறைக்கு அடங்காது என்பது தகப்பனாரின் கவலை. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வைத்தியம் நடந்தது. மருந்தின் வேகத்தில் அவளுடைய முடியெல்லாம் கொட்டியது. தாயார் அவள் தலையில் ஒரு பூப்போட்ட துணியைக் கட்டி, வாசல் பக்கம் விடாமல் வைத்திருந்தார்.

ஆம்பூர் தோல் முதலாளிகள் சிலர் சேர்ந்து, பிழைப்பது அரிது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்ட குழந்தைகளுக்கு ஏதேனும் ஓர் ஆசையை நிறைவேற்றிவைப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவரான ஒரு பாய், வெள்ளை ஜிப்பாவும் அத்தர் மணமுமாக ஒருநாள் ஆஸ்பத்திரியில் தங்கையின் கட்டிலருகே வந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

"உனுக்கு இன்னா வேணும் கண்ணு? எது வேணும்னாலும் கேளு."

அவள் யோசிக்கவே இல்லை. "கப்பலு."

"பொம்மைக் கப்பலா?"

"நெசக் கப்பலு. எங்கப்பா லுங்கி ஏறிப் போவுதே, அது."

தகப்பனார் கூசிப்போனார். "கொழந்தை ஏதோ ஒளறுது பாய். நீங்க இதுக்கெல்லாம் பேஜார் ஆவாதீங்க."

"அது ஒளறல. நீங்க நடுவுல வராதீங்க," என்றார் பாய். "என் தோலும் உங்க லுங்கியும் ஒரே கப்பல்லதான போவுது? கொழந்தை ஒரு நாளு ஏறிப் பாத்துட்டு வரட்டும்."

கப்பலில் ஏறிப் பார்க்கும் அனுமதி கடையில் வாங்கும் பொருள் அன்று. அதனால்தான் தகப்பனார் சம்மதித்தார் என்று இன்றும் நம்புகிறேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் துறைமுகத்தில் இருக்க வேண்டும். அன்று மாலையே கப்பல் புறப்பட்டுவிடும். வெள்ளிக்கிழமை பாயின் வண்டி எங்கள் வீட்டுக்கு வரும். மருத்துவர் ஒரே ஒரு நிபந்தனை விதித்து அவளை வீட்டுக்கு அனுப்பினார்: கூட்டத்துக்குள் மட்டும் கொண்டுபோகக் கூடாது, இவளுக்கு இப்போது ஒரு சளிகூடத் தாங்காது.

ஒரு வண்டி வாசலில் வந்து நின்றால் தெரு கேட்கும். தகப்பனார் அதற்கும் ஒரு வழி கண்டார். திருப்பதிக்கு வேண்டுதல், குடும்பத்தோடு போகிறோம். மொட்டை அடித்துவந்ததாகச் சொல்லிவிட்டால் தங்கையின் தலைக்கும் காரணம் கிடைத்துவிடும். ஒரே சொல்லில் இரண்டும் மூடிக்கொள்ளும்.

"யார் கேட்டாலும் திருப்பதின்னு சொல்லு," என்றார் என்னிடம். "கப்பலு கிப்பலுன்னு வாயத் தொறந்த, முதுகுத் தோலு உரிஞ்சிடும்."

வியாழக்கிழமை மாலை எதிர்வீட்டு அக்கா என்னைக் கூப்பிட்டார். எங்கள் தறிகளுக்கு ஊடைநூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுப்பவர். கையில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு இருந்தது.

"பையனுக்குக் காமாலை வந்தப்ப முடிஞ்சி வச்ச காணிக்கை, கண்ணு. ரெண்டு வருசமா சாமி மாடத்துலயே கெடக்குது. நாங்க எங்க திருப்பதி போவறது? உங்கப்பா கையால உண்டியல்ல போடச் சொல்லு. நானே போட்ட மாரி."

பெரியவர்களை நம்பிக் கொடுக்க வேண்டிய பொருளை என்னை நம்பிக் கொடுத்தார். இரண்டு கைகளாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். தகப்பனார் வாசலில் நின்றிருந்தால் நயமாக ஏதேனும் சொல்லித் தவிர்த்திருப்பார். வாங்கியவன் நான்.

தாயார் அதைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சாமி காசு. இத்த மடியில வச்சிக்கினு கப்பல் பாக்கப் போவறதா? ஒடம்பு முடியாத புள்ளய வச்சிக்கினு?"

திருப்பிக் கொடுத்தால் திருப்பதிக்குப் போகவில்லை என்று ஆகிவிடும். வைத்துக்கொண்டால் தெய்வக் குற்றம். தகப்பனார் கூடத்தில் நெடுநேரம் நடந்தார். பிறகு தீர்மானமாகச் சொன்னார்: "திருப்பதிக்கே போயிட்டுப் போயிடலாம்." வெள்ளிக்கிழமை விடியலில் கிளம்பினால் மதியத்துக்குள் தரிசனம், இரவு சென்னை, சனிக்கிழமை பத்து மணிக்குக் கப்பல். சொன்ன சொல்லும் பொய்யாகாது, குழந்தையின் ஆசையும் கெடாது. அவர் போட்ட கணக்கில் பிழை இல்லை. கூட்டம்தான் கணக்கில் இல்லை. மருத்துவர் சொன்னதைத் தாயார் நினைவூட்டினார். வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் வெளியே வந்துவிடலாம் என்றார் தகப்பனார்.

பொய் சொல்லிவிட்ட ஒருவர் அதை உண்மையாக்கிவிடப் பாடுபடுவதை நான் என் வாழ்நாளில் அந்த ஒரு முறைதான் கண்டேன். மற்றவர்கள் பொய்யைப் பொய்யாகவே விட்டுவிடுகிறார்கள்.

ஓட்டுநர் ஆம்பூர்க்காரர், பல வருடங்களாகப் பாயிடம் வேலை பார்ப்பவர். சித்தூர் சாலையில் திருப்பச் சொன்னதும் அவருக்குக் குழப்பம்.

"பாய் மெட்ராஸ்னுதான சார் சொன்னாரு?"

"வழியில ஒரு வேலை."

"இது வழியே இல்ல சார்."

தகப்பனார் சித்தூர்ப் பக்கம் கை காட்டினார். தங்கை தாயாரின் மடியில் படுத்து, கப்பலில் எத்தனை லுங்கி ஏறும் என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

மலைமேல் தகப்பனாருக்கும் எனக்கும் மொட்டை அடித்தார்கள். பார்த்த பக்கமெல்லாம் மொட்டைத் தலைகள். அங்கே அவள் தலையைப் பார்த்து யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. பல மாதங்களுக்குப் பிறகு தாயார் அந்தப் பூப்போட்ட துணியை அவிழ்த்து மடித்துப் பையில் வைத்தார். சந்தனம் பூசிய என் தலையை அவள் இரண்டு கைகளாலும் தடவித் தடவிப் பார்த்தாள்.

"உனுக்கும் என்ன மாரியே ஆயிடிச்சி," என்று வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. அவள் கையைத் தட்டிவிட்டேன்.

அதன்பின் வரிசை. ஏதோ விசேஷ நாள் என்பதை நாங்கள் அறியவில்லை. இருபுறமும் கம்பிக் கதவு பூட்டிய கொட்டகைகளில் ஒன்று மாற்றி ஒன்றாக எங்களை அடைத்து வைத்தார்கள். உள்ளே போய்விட்டால் வெளியே வர முடியாது. இருமல், வியர்வை, குழந்தைகளின் அழுகை. தகப்பனார் அவளைத் தோளிலேயே வைத்திருந்தார்.

"அப்பா, கப்பலு போயிடுமா?"

"போவாதும்மா. நமக்காக நிக்கும்."

இன்னொரு கொட்டகையில் மறுபடி கேட்டாள். மறுபடியும் அதே பதில். மூன்றாவது முறை அவள் கேட்கவில்லை.

தரிசனம் முடிந்து நாங்கள் வெளியே வந்தபோது சனிக்கிழமை வெயில் ஏறியிருந்தது. மஞ்சள் முடிச்சைத் தகப்பனார் தம் கையாலேயே உண்டியலில் போட்டார். லட்டுகளையும் மறக்காமல் வாங்கினார். தங்கையின் உடம்பு அனலாகக் கொதித்தது.

"இப்ப வுட்டாக்கூட கப்பல் கெளம்பறதுக்குள்ள போயிடலாம் சார்," என்றார் ஓட்டுநர். "தூரத்துல நின்னாவது கொழந்தை பாக்கும்."

தகப்பனார் அவள் நெற்றியில் கை வைத்தார். வைத்த கையை எடுக்காமல், "வேலூருக்கு வுடு," என்றார்.

வண்டி முழுவதும் லட்டு வாசனை. தங்கை ஜன்னலில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு வெளியே பார்த்தாள். எந்தப் பக்கம் போகிறோம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தகப்பனார் என்னைக் குடியாத்தத்துக்கு அழைத்துப்போனார். வீடு வீடாகப் பிரசாதம் கொடுக்க வேண்டியிருந்தது. எதிர்வீட்டு அக்கா லட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "போட்டுட்டீங்களா கண்ணு?" என்றார். அப்பாவே போட்டார் என்றேன். "தங்கச்சிக்கும் மொட்டையா?" என்றார். ஆமாம் என்றேன். நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அது எனக்கு மிகுந்த நிறைவாக இருந்தது.

திங்கட்கிழமை நாங்கள் இருவரும் வேலூருக்குத் திரும்பிய சற்று நேரத்தில் பாய் வந்தார். அதே முக்காலியில் உட்கார்ந்தார். தகப்பனார் எழுந்து நின்றார். இருநூறு பேர் கூடிய பஞ்சாயத்தில் குரல் நடுங்காமல் பேசுபவர், "பாய்... அது வந்து..." என்பதற்கு மேல் போக முடியாமல் நின்றார்.

தங்கை தூங்குகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். கண்ணைத் திறக்காமலேயே அவள் பேசினாள்.

"பாத்துட்டோம் பாய்."

"கப்பலா கண்ணு?"

"ம்ம். எங்க தெருவ வுடப் பெருசு. அப்பா லுங்கியெல்லாம் ஏத்துனாங்க. அப்பா என்னத் தூக்கிக் காமிச்சாரு."

பாய் நிமிர்ந்து தகப்பனாரைப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் குனிந்தார். "என் தோலு? அத்த ஏத்துனாங்களா?"

"ஏத்துனாங்க. ஒரே நாத்தம்."

பாய் சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். தகப்பனார் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தைய பொய்யை உண்மையாக்கத் தெரிந்த அவருக்கு இதை என்ன செய்வது என்று தெரியவில்லை. நான் வாயைத் திறந்தேன். தாயார் என் தொடையைக் கிள்ளினார்.

ஓட்டுநர் பாயின் ஆள். வண்டி எங்கே போயிற்று, எங்கே போகவில்லை என்பது சனிக்கிழமை மாலையே பாய்க்குத் தெரிந்திருக்கும். இந்த எளிய விஷயம் எனக்குத் தோன்றவே பல ஆண்டுகள் ஆயின. அந்தக் கட்டிலைச் சுற்றி நின்ற அனைவரும் அன்று ஒரே காரியத்தைச் செய்துகொண்டிருந்தார்கள். நான் ஒருவன்தான் உண்மையைச் சொல்லத் துடித்தேன்.

தகப்பனார் பாயை வழியனுப்பப் போனார். தாயார் வெந்நீர் வாங்கப் போனார். நான் கட்டிலருகே போய்க் கேட்டேன்.

"கப்பல எங்கடி பாத்த? பொய் சொல்ற. சாமி கண்ணக் குத்தும்."

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "உனுக்கு ஒண்ணும் தெரியாது. போடா."

ஆறு வயதுக்காரி ஒன்பது வயதுக்காரனிடம் சொல்லும் பேச்சா அது? எனக்கு மானம் போயிற்று. அவள் மன்னிப்புக் கேட்கும்வரை பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். எங்கள் குடும்பத்தில் எடுத்த முடிவைக் காப்பாற்றுவது வழக்கம். செவ்வாய்க்கிழமை முழுவதும் காப்பாற்றினேன், புதன்கிழமையும் காப்பாற்றினேன். வியாழக்கிழமை விடியலில் அவள் இறந்துபோனாள்.

புதன்கிழமை மாலையில் நடந்தது ஒன்று பாக்கியிருக்கிறது. நான் கட்டிலருகே முக்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். என் தலையில் முடி அப்போதுதான் முள்முள்ளாக முளைக்கத் தொடங்கியிருந்தது. அதைத் தடவிப் பார்க்க அவள் கை நீட்டினாள். எட்டாதபடி முக்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டேன். கை சிறிது நேரம் அப்படியே நீண்டிருந்துவிட்டு விரிப்பில் இறங்கியது. முதலில் மன்னிப்புக் கேட்கட்டும், பிறகு தலையைக் காட்டலாம், என்ன அவசரம் என்று இருந்தேன்.