கட்டில்லாத கிணறும் ஒரு சோடிச் சப்பாத்தும்

போன ஞாயிற்றுக்கிழமை பகல் நான்கு கிணறுகளை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் குடிக்க அல்ல. உள்ளே என் நண்பன் மிதக்கிறானா என்று பார்க்க.

நாங்கள் மூன்று பேர். நான் உடப்புக்காரன். அன்ரன் தலவிலையில் படகு எஞ்சின் திருத்துகிறவன். நஸார் சின்ன வயதில் குடும்பத்தோடு மன்னாரை விட்டு வந்து புத்தளத்தில் வேரூன்றிய கணக்கு வாத்தியார். இருபது வருடச் சினேகிதம்.

நான்கு மாதத்துக்கு முன்னர் நஸாரின் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். "நடங்க" என்றார் டொக்டர். அதனால் மாதத்தில் ஒரு ஞாயிறு எங்காவது நடப்பது என்று முடிவெடுத்தோம். இந்த முறை குறிஞ்சிப்பிட்டியில் தொடங்கி, வெங்காயத் தோட்டங்களைத் தாண்டி, உடைமரக் காட்டுக்குள்ளால் தலவில. அங்கே அன்ரன் வீட்டில் சாப்பாடு.

காலையிலேயே நஸாரின் மனைவி எனக்குக் கோல் எடுத்தார்.

"அவர தனிய விட்டுடாதீங்க, என்ன?"

"சே... விடுவமா?" என்றேன்.

விட்டோம்!

கிரிக்கெட் கதைதான் காரணம். நானும் அன்ரனும் வாக்குவாதப்பட்டுக்கொண்டே வேகமாக நடந்துவிட்டோம். தோட்டத்து வரம்பில் நஸார் பின்தங்கினான். "நீங்க போங்க மச்சான், நான் வாறன்" என்று அவன் சொன்னது காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தேனா? இல்லை.

காட்டு விளிம்பில் நிழல் கண்டு நின்றபோதுதான் பார்த்தேன். பின்னால் வெயில் மட்டும்தான் இருந்தது. இரண்டு கழுதைகள் மேய்ந்துகொண்டிருந்தன. நஸார் இல்லை.

போன் அடித்தேன். மணி போனது... எடுக்கவில்லை. மறுபடியும். எடுக்கவில்லை.

வந்த வழியே ஓடினோம். கூப்பிட்டோம். எங்கேயோ ஒரு தண்ணீர் மோட்டர் இரைந்ததில் எங்கள் சத்தம் எங்களுக்கே கேட்கவில்லை.

அந்தப் பக்கத்துத் தோட்டக் கிணறுகளைப் பார்த்திருக்கிறீர்களா? பலவற்றைச் சுற்றிக் கட்டே இல்லை. மணலோடு மணலாகத் திடீரென்று ஒரு வட்டப் பள்ளம், கீழே தண்ணீர். ஸ்டென்ட் வைத்த பிறகு அடிக்கடி தலைசுற்றும் ஒருவன் கால் தடுமாறினால்?

முதல் கிணறு... ஒன்றுமில்லை. இரண்டாவது... பாசி. மூன்றாவதில் ஒரு தவளை. ஒவ்வொன்றையும் எட்டிப் பார்க்கும்போது, எதுவும் தெரியக் கூடாதே என்று கண்ணைப் பாதி மூடிக்கொண்டுதான் பார்த்தேன்.

நான்காவது கிணற்றடியில் நஸாரின் சப்பாத்து இருந்தது. சொக்ஸ் உள்ளே. இடது சப்பாத்துக்குள் போன். ஓரத்தில் மண் புதிதாகச் சரிந்திருந்தது.

அன்ரன் சேர்ட்டைக் கழற்றினான். குதித்துவிட்டான்.

கடற்கரை ஊரான உடப்பில் பிறந்தும் நீச்சல் தெரியாதவன் நான். விளிம்பில் நின்று பார்ப்பதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்?

அந்த நேரம் பார்த்து சப்பாத்துக்குள் போன் அடித்தது. 'வீடு' என்று காட்டியது. எடுத்தேன்.

"அவர் எங்க?" நஸாரின் மனைவி.

"பின்னால வாறார். போன என்னட்டத் தந்திருக்கிறார்."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

அன்ரன் மூன்று தரம் முங்கினான். "இல்ல மச்சான்... கீழ சேறுதான்."

மூச்சு வந்தது. ஆனால் அன்ரனால் மேலே வர முடியவில்லை. பிடித்த இடமெல்லாம் மண் உதிர்ந்தது. கால் வேறு பிடித்துக்கொண்டது. நான் குப்புறப் படுத்துச் சேர்ட்டை நீட்டினேன், எட்டவில்லை. நான் அசைய அசைய அவன் முகத்தில்தான் மண் கொட்டியது.

"மச்சான்... கெதியா ஏதும் செய்" என்றான். அன்ரன் கெஞ்சி நான் கேட்டதேயில்லை. தொண்டை கிழியக் கத்தினேன்.

மோட்டர் சத்தம் நின்றது.

"ஏன் மச்சான் கத்துறீங்க?"

திரும்பினேன். நஸார்! தலையில் தொப்பி. காலில் யாருடையதோ ரப்பர் செருப்பு. பக்கத்தில் தோட்டக்காரர்.

"அன்ரன் உள்ள!" என்றேன்.

தோட்டக்காரர் ஓடிப்போய் மோட்டர் இறக்கும் தடித்த கயிற்றைக் கொண்டு வந்து, ஒரு முனையைத் தென்னையில் கட்டினார். நஸாரும் கயிற்றைப் பிடித்தான்.

"நீ இழுக்காத! டொக்டர் பாரம் இழுக்க வேணாமெண்டு சொன்னது மறந்திட்டுதா?"

"பேசாம இழு மச்சான்."

இழுத்தோம். சேறும் சிராய்ப்புமாக அன்ரன் மேலே வந்து விழுந்தான். நஸாரை உற்றுப் பார்த்தான். பிறகு பொல்லாத தூஷணம் ஒன்று சொன்னான். பத்தியில் எழுத முடியாதது.

நடந்தது இவ்வளவுதான். லுஹர் என்ற பகல் தொழுகைக்குப் பாங்கு கேட்டிருக்கிறது. நஸார் சப்பாத்தைக் கழற்றி, கிணற்றடியில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒழுச் செய்திருக்கிறான். எழும்பும்போது விளிம்பு சரிந்து ஒரு கால் உள்ளே போயிருக்கிறது.

"இந்த நானாதான் கையப் புடிச்சு இழுத்தார். இல்லாட்டி மௌத்துத்தான்" என்றான், சாதாரணமாக. "காலெல்லாம் நடுங்கிச்சு. அவர்ர செருப்பத் தந்து கொட்டிலுக்குக் கூட்டிப் போனார். கொஞ்சம் இருந்திட்டுத் தொழுதன். போன் ஞாபகமே இல்ல."

தோட்டக்காரருக்குத்தான் முகம் சரியில்லை. "கட்டுக் கட்டோணும், கட்டோணும் எண்டே நாள் போகுது தம்பி" என்றார். அன்றைக்கே நாலு தென்னங்குற்றிகளை உருட்டி வந்து விளிம்பைச் சுற்றிப் போட்டோம்.

நான் பயந்தது வீண் பயமா? அந்தச் சரிந்த மண்ணை நினைத்தால் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் ஒன்று. இருபது வருடமாக இந்த மனிதன் எங்கே நின்றாலும் லுஹருக்கு ஒதுங்குகிறவன் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் அது மட்டும் நினைவுக்கு வரவில்லை. பயம் வந்தால் நமக்கு மிக நன்றாகத் தெரிந்ததுதான் முதலில் ஓடிவிடுகிறது போலும்.

அடுத்த நடையில் நஸார்தான் முன்னால். நானும் அன்ரனும் பின்னால்... எவ்வளவு மெதுவாக இருந்தாலும் சரி!