மூன்றாவது ஆள்

என் தம்பி ஜக்சீர், கீர்த்தனை பாடும் ஜத்தாவில் தனக்கிருந்த இடத்தைத் தில்ராஜுக்கு விற்றுவிட்டான் என்று ஊரில் இன்னும் சிலர் சொல்கிறார்கள். விற்கவில்லை. எங்கள் வீட்டு முற்றத்தில் நடந்த விஷயம், எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர் பஞ்சாபில் தரன் தாரனுக்கு வடக்கே, கால்வாய் ஓரம். அப்பா அடுத்தவர் நிலத்தில் உழுதவர். ஜக்சீர் பள்ளிக்கூடத்து பெஞ்சைத் தட்டித் தட்டி அடி வாங்கியதைப் பார்த்து, கீர்த்தனை சொல்லித்தரும் விடுதியில் அவனைச் சேர்த்தார். அங்கே அவன் படித்தது பழைய முறை. இடது தபலாவின் நடுவில் ஈரக் கோதுமை மாவை அப்பித்தான் வாசிக்க வேண்டும். அதனால் அவன் வாசிக்கப் போகும் ஒவ்வொரு காலையும் ரொட்டி மாவில் ஓர் உருண்டையை அவனுக்கென்று எடுத்து வைப்பேன். மாவு தளர்ந்திருந்தால், "அக்கா, இன்னிக்கு தபலாவுக்குச் சளி பிடிச்சிருக்கு" என்பான்.

பாயீ நிர்வைர் சிங்கின் ஜத்தாவில் அவன் மூன்றாவது ஆள். பாயீஜி முதல் ஆர்மோனியம், அவர் மைத்துனர் குல்வந்த் இரண்டாவது, ஜக்சீர் தபலா. பன்னிரண்டு வருடம் அப்படித்தான். பாயீஜிக்கு நெஞ்சில் இரைப்பு உண்டு. பாட்டில் ஓர் அடி முடிந்து மறுபடி எடுக்கும் இடத்தில் ஜக்சீர் இடது கையைக் காது வரை தூக்கி, ஒரே ஒரு தட்டைச் சும்மா விடுவான். பாயீஜி மூச்சு வாங்க அது போதும். கேட்கிறவர்களுக்கு அது அழகாக இருக்கும். மூச்சு வாங்குவது யாருக்கும் தெரியாது. வேறு எந்தத் தபலாக்காரரும் அப்படி வாசித்து நான் பார்த்ததில்லை.

ஒரு கார்த்திகையில் வெளிநாட்டு குருத்வாரா ஒன்று ஜத்தாவை அழைத்தது. பாயீஜி வீட்டுக்கு வந்தார். கொடுத்த டீயைக் குடிக்கவில்லை. ஜக்சீரை அவர் சீரா என்றுதான் கூப்பிடுவார்.

"சீரா, இந்தத் தடவை தில்ராஜ் வரணும்னு தலைவர் சொல்றாரு. அழைப்பு வாங்கிக் குடுத்ததே அவரு மச்சான்தான். நான் என்ன செய்ய?"

தில்ராஜ் எங்கள் குருத்வாரா கமிட்டித் தலைவரின் மகன்.

"அவனுக்குக் கல்யாண வீட்டு மேளத்துக்கு ஆடத்தானே தெரியும், பாயீஜி?" என்றேன்.

"அதுக்குத்தானேம்மா சீரா இருக்கான். விசா ஆபீஸ்ல வாசிச்சுக் காட்டச் சொல்லுவாங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லிக் குடுத்தாப் போதும். அடுத்த வருஷம் சீராதான். குரு சாட்சியா சொல்றேன்."

"போனவன் திரும்பி வருவானா?"

"வராம? அவன் ஓடிட்டா ஜத்தா பேரு கெடாதா? நான் விடுவேனா?"

ஜக்சீர் தலையாட்டினான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க தில்ராஜ் புல்லட்டில் வந்தான். வரும்போதே "மாஸ்டர்ஜி, சத் ஸ்ரீ அகால்!" என்று சத்தம். "விரலெல்லாம் எரியுது மாஸ்டர்ஜி. இதுக்கு லாரி ஓட்டிடலாம்."

"அங்க போய் அதைத்தானே ஓட்டப் போற?" என்றேன்.

"அக்கா, கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க!" என்று சிரித்தான்.

அவன் போனதும் தம்பியிடம் சொன்னேன்: "அரைகுறையாச் சொல்லிக் குடுடா. அங்க தோத்துட்டு வரட்டும். உன் இடம் உனக்கே வரும்."

"குருபாணிப் பாட்டுக்கு வாசிக்கிறதை எப்படிக்கா தப்பாச் சொல்லிக் குடுக்கிறது?" என்றான்.

சரியாகவே சொல்லியும் கொடுத்தான். விரலை ஒவ்வொன்றாகப் பிடித்து வைத்தான். தில்ராஜுக்கு அந்த ஒரு வாசிப்பைத் தவிர வேறொன்றும் வராது. ஆனால் அதை, கை தூக்கும் இடம் உட்பட, என் தம்பி மாதிரியே வாசித்தான். விசா கிடைத்தது. விமானம் இறங்கிய வாரமே தில்ராஜைக் காணவில்லை. பாயீஜியும் குல்வந்தும் மூன்று மாதம் பாடிவிட்டுத் திரும்பினார்கள். அங்கே யாரோ உள்ளூர்க்காரர் தபலா வாசித்தாராம்.

மறுவருடம் பாயீஜி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதைக் குறை சொல்ல மாட்டேன். மூன்று பேரும் விசாவுக்காக டெல்லிக்குப் போனார்கள். ஈரத்துணியில் மாவு சுற்றி டிபன் டப்பாவில் வைத்து அனுப்பினேன். அங்கே நடந்ததை ஜக்சீர் சொன்னான். குல்வந்திடம் தனியாகக் கேட்டேன். அவரும் அதையேதான் சொன்னார்.

போன வருடம் தில்ராஜுக்கு விசா கொடுத்த அதே அதிகாரி. வாசிக்கச் சொன்னார். ஜக்சீர் தனக்கு எது நன்றாக வருமோ அதை வாசித்தான். கை காதுக்குப் போனதும் அதிகாரி நிறுத்தச் சொன்னார். பக்கத்தில் இருந்த மொழிபெயர்க்கிற பெண் கேட்டாள்:

"போன வருஷம் இந்த ஜத்தாவுல மூணாவது ஆளா வந்தவனும் இதையேதான் வாசிச்சானாம். இதே மாதிரி கையைத் தூக்கினானாம். அவன் ஓடிட்டான். உங்களுக்கெல்லாம் இதை யாரு பழக்கி விடுறதுன்னு கேக்குறாரு."

"அவனுக்குச் சொல்லிக் குடுத்தது நான்தாங்க" என்றான் ஜக்சீர். "வேற ஒண்ணு வாசிக்கட்டுமா?"

அந்தப் பெண் முதல் பாதியை மட்டும் சொன்னாளோ, இரண்டையும் சொன்னாளோ தெரியாது. அதிகாரி போதும் என்று கை காட்டினார். பாயீஜி ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். 'இவன் பன்னிரண்டு வருஷமா என் பக்கத்துல உட்கார்ந்தவன்' என்று. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை திரும்பி வந்தவர்கள் என்பதால் அவருக்கும் குல்வந்துக்கும் விசா கிடைத்தது. மூன்றாவது ஆளுக்கு இல்லை.

வெளியே போக முடியாத தபலாக்காரனை வைத்துக்கொண்டு ஒரு ஜத்தா என்ன செய்யும்? பட்டி என்ற ஊரிலிருந்து வேறு ஆள் வந்துவிட்டான். வேகமான கை, நல்ல பையன். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அவன் எந்தத் தட்டையும் சும்மா விடுவதில்லை. பாயீஜி மூச்சுக்குத் திணறுவது ஒலிபெருக்கியில் கால்வாய்க்கு இந்தப் பக்கம் வரை கேட்கிறது.

நேற்றுக் காலையும் கேட்டது. நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். பழக்கத்தில் ஓர் உருண்டையைக் கிள்ளி ஓரமாக வைத்துவிட்டேன். ஜக்சீர் மண்டியில் மூட்டை தூக்கக் கிளம்பியவன், தலைப்பாகையை இறுக்கிக்கொண்டே அதைப் பார்த்தான்.

"அதையும் ரொட்டியாப் போட்டுடு, அக்கா."